தெளிந்த முகம்

ஜூலை 22, திங்கள்

ஆடி பிறந்ததிலிருந்து பார்லரில் ஈ ஓட்டுகிறேன். கல்யாணம் இல்லை, நிச்சயதார்த்தம் இல்லை. கோவில்பட்டியில் எந்தப் பெண்ணுக்கும் இந்த மாதம் முகமே வேண்டாம் போலிருக்கிறது. மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பதிவு எழுத வைத்திருந்த, இன்ஷூரன்ஸ்காரர் கொடுத்த டைரி வெறுமனே கிடக்கிறது. அதில் என் புலம்பலை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.

காலையில் ஒரே ஒரு த்ரெட்டிங். ராஜலட்சுமி அக்கா. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மனைவி. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசுவாள். நான் புருவம் எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்துஜா காலேஜுக்குக் கிளம்பி வந்தாள். எங்கள் வீட்டில் முன்னறைதான் பார்லர், அதைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். அக்கா ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"ஊர்ல உள்ளவ மொகத்தையெல்லாம் பளபளன்னு ஆக்கிவிடுத. ஒம் மகளுக்கு என்ன செண்பகம், கன்னம் ரெண்டும் இப்படிப் பொரிஞ்சு கெடக்கு?"

நூலின் ஒரு நுனி என் பல்லிடுக்கில் இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபத்துக்குப் புருவத்தில் ரெண்டு முடி கூடுதலாகப் பிடுங்கினேன். இந்து துப்பட்டாவை எடுத்து முகத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வெயிலுக்குச் சுற்றுகிற மாதிரி.

அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிளஸ் டூ வரைக்கும் எண்ணெய் தேய்த்த வெண்கலம் மாதிரி இருந்த பிள்ளை. பத்தொன்பது வயதாகிறது, நெற்றி, கன்னம், தாடை என்று ஒரு இடம் பாக்கியில்லை. கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, முல்தானி மிட்டி, எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எனக்கும் அந்த வயதில் வந்தது. போகும்போது குழி போட்டுவிட்டுத்தான் போனது. ஃபவுண்டேஷன் போடாமல் நான் வாசல் தெளிக்கக்கூட வருவதில்லை. அது இருக்கட்டும்.

ஜூலை 26, வெள்ளி

திருநெல்வேலிக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தோம். என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கக் கேட்கத்தான் எனக்கே தெரிந்தது. காலேஜ் கேன்டீனில் பப்ஸ், பொழுதுக்கும் டீ, சாயங்காலம் கடலை மிட்டாய், தூங்கும்வரை போன்.

"பாலும் இனிப்பும் கொறச்சுப் பாருங்க. சில பேருக்கு அது ஒத்துக்காது. நேரத்தோட தூங்கணும், தலையணை உறை அடிக்கடி மாத்தணும், கைய வச்சுக் கிள்ளக் கூடாது. இந்த ஆயின்மென்ட் போடுங்க. மூணு மாசம் ஆகும், பொறுமையா இருக்கணும். மத்தபடி நல்லா சாப்பிடலாம்" என்றார்.

கடைசியில் சொன்னதை எல்லா டாக்டரும் சொல்வார்கள்.

குறைத்தாலே நல்லதென்றால் நிறுத்தினால் எவ்வளவு நல்லது. அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

ஜூலை 28, ஞாயிறு

இன்று முதல் பால் கிடையாது, டீ கிடையாது, சர்க்கரை கிடையாது. கருப்பட்டியும் இனிப்புதானே, அதுவும் கிடையாது. பத்து மணிக்குப் போன் என் கைக்கு வந்துவிட வேண்டும்.

இவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஞாயிறு டியூட்டி முடிந்து வரும்போது மகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிவருவது வழக்கம். பாக்கெட்டை வாங்கிப் பரண்மேல் வைத்தேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வயசுப்பிள்ளைக்குப் பரு வரத்தாம்ளா செய்யும். வந்தது தன்னால போவும்."

"போவும்போது குழி போட்டுட்டுப் போவும். பரவால்லையா?"

என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நெற்றியில் புதிதாக ஒன்றும் இல்லை. தாடையில் ரெண்டு எட்டிப் பார்த்தது. நேற்று என்ன தின்றாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சாதித்தாள். விடாமல் கேட்டதும், கூடப் படிக்கிற பிள்ளைக்குப் பிறந்தநாள், ஒரு துண்டு கேக் என்று ஒத்துக்கொண்டாள். பதினேழு வருசமாக முகத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். என்னிடம் மறைக்க முடியுமா.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. விடியுமுன்னே மண்டபம், ஒரே நாளில் ரெண்டு மணப்பெண். முதுகு விட்டுப்போகிறது.

சந்தோஷமான விஷயம், இந்துவுக்குக் கன்னம் அமுங்கிவிட்டது. பாலும் இனிப்பும் நின்றது, தூக்கம் சரியானது, ஆயின்மென்ட் வேலை செய்கிறது. யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். இதோடு விடக் கூடாது. இனி எண்ணெய்ப் பலகாரம் இல்லை, முட்டை, கோழி இல்லை, தேங்காய், கடலை இல்லை. டாக்டர் சொல்லாததுதான். அவருக்கு ஒரு நாளைக்கு நூறு முகம். எனக்கு ஒரே முகம்.

மண்டபத்தில் பிரியாணி வாசனைக்கு, கூடமாட உதவிக்கு வந்திருந்த இவள் கண் அங்கேயே போனது. காதோரம் சொன்னேன்: "நாக்குக்கு ஒரு நிமிசம், மொகத்துக்கு ஒரு மாசம்." தலையாட்டினாள். வாழைக்காயும் ரசமும் மட்டும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அழுதால் முகம் வீங்கும் என்றேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை அவித்தேன். நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். பச்சரிசி மாவு ஆகாதாம். எங்கேயோ படித்தாளாம். பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

முகம் தெளிந்துவிட்டது.

ஜூலையில் எடுத்த போட்டோவையும் இன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மருந்தில்லை, மாயமில்லை, உணவே அழகு – செண்பகம் பியூட்டி பார்லர்" என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன். மருந்தில்லை என்பது முழு உண்மை கிடையாது. ஆயின்மென்ட்டைப் பற்றி ஸ்டேட்டஸில் எழுதினால் யார் என்னிடம் வருவார்கள், மெடிக்கல் ஷாப்புக்கல்லவா போவார்கள்.

சாயங்காலத்துக்குள் போன் சூடாகிவிட்டது. ராஜலட்சுமி அக்காவே கூப்பிட்டாள். அவள் மகள் நிவேதா பத்தாம் வகுப்பு, அவளுக்கும் நெற்றியில் பொரி.

"என்னத்தளா குடுத்த பிள்ளைக்கு? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"என்னத்த குடுத்தேன்னு கேக்காதீங்க அக்கா, என்னத்த நிறுத்துனேன்னு கேளுங்க" என்றேன். எவ்வளவு நாளாக இப்படி ஒரு பதில் சொல்லக் காத்திருந்தேன்.

போர்டில் புதிதாக ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்: முகப்பருவுக்குப் பத்தியம் சொல்லித்தரப்படும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

புரட்டாசி, வீட்டில் கறி மீன் கிடையாது. இவருக்கு அதில் ஒரு மாதம் முகம் தூக்கிக்கொண்டுதான் இருக்கும்.

இந்துவுக்குத் தலை வாரினால் சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வருகிறது. எல்லாம் இந்த ஊர் உப்புத்தண்ணீர். ஹேர் ஸ்பா செய்துவிட்டேன், பிரயோசனமில்லை. தோள் வரைக்கும் வெட்டிவிட்டேன். ஸ்டைலாக இருக்கிறது. வெட்டின முடியைக் கையில் எடுத்தபோது ஒரு காலத்தில் இது எவ்வளவு கனமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். கூட்டி அள்ளிப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

வீட்டில் சண்டை. ஊரே வெந்துகொண்டிருக்கிறது, இந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்கிறாள். இவர் சாப்பிட உட்கார்ந்தவர் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு இட்லியைப் பொடிப் பொடியாகப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். சாப்பிட்ட மாதிரியும் இருந்தது, சாப்பிடாத மாதிரியும் இருந்தது.

"ஏளா செண்பகம், பிள்ளை என்ன இப்படிக் காஞ்சு போயிருக்கா? காலர் எலும்புல தண்ணி ஊத்தி வைக்கலாம் போல இருக்கு."

"வயசுப்பிள்ள மெலிஞ்சாத்தான் அழகு. ஒங்களுக்கு என்ன தெரியும், பஸ்ஸுக்குள்ளயே இருந்துட்டு."

"ஒனக்கு மொகந்தான் தெரியுது. கழுத்துக்குக் கீழ ஒரு நா பாரு."

பார்க்காமலா இருக்கிறேன். நான்தானே துணி தைத்துக்கொடுக்கிறேன்.

இந்து தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜைக்குக் கத்தரி, சீப்பு, ட்ரையர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இன்று கூட்டம் இல்லாததால் இந்துவை நாற்காலியில் உட்காரவைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கன்னத்தில், தாடைக்குக் கீழே, பிடரியில், கை முழுக்க பூனைமுடி. பஞ்சு மாதிரி. இதற்கு முன்னால் கிடையாது. நல்ல முகத்துக்கு வேறென்ன திருஷ்டி வேண்டும்.

முகத்துக்கு த்ரெட்டிங், கைக்கும் முதுகுக்கும் வேக்ஸ். பட்டையை இழுக்கும்போது பெரிய பெரிய பொம்பளைகளே கத்துவார்கள். இவள் கத்தவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் ஊதாவாக இருந்தது, ரோஸ் பாலிஷ் போட்டுவிட்டேன்.

முடிந்ததும், "இன்னும் எதயாச்சும் விடணுமாம்மா?" என்று கேட்டாள்.

"போதும், இதுவே போதும்" என்றேன். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா, எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இந்த மாதமும் அவளுக்கு வரவில்லை. மூன்றாவது மாதம். எனக்கும் அந்த வயதில் ஒழுங்காக வந்ததில்லை. இவரிடம் சொல்லவில்லை, ஆம்பிளையிடம் என்ன சொல்வது.

ராஜலட்சுமி அக்கா போன வாரம் கேட்டாள், நிவேதாவுக்குத் தேதி தள்ளிப்போகிறதே, பத்தியத்தால் இருக்குமோ என்று. "ரத்தம் சுத்தமாகும்போது அப்படித்தான் இருக்கும் அக்கா" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கும் அது சரி என்றே பட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம், முறுக்கு, சுசியம். எண்ணெய் வாடை ஆகாதென்று இந்து மொட்டை மாடியிலேயே இருந்தாள். புதுச் சுடிதாரை ரெண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன், மறுபடியும் பிடித்துத் தைத்தேன்.

நவம்பர் 2, சனி

கந்த சஷ்டி ஆரம்பம். ஆறு நாளும் விரதம் இருக்கப் போகிறேன் என்றாள். தண்ணீரும், அந்தியில் கொஞ்சம் பழமும். நான்கூட இந்த வயதில் இருந்ததில்லை. மாதத் தொந்தரவும் இல்லாததால் தடையில்லாமல் இருக்கலாம். முருகனே வழிவிட்டான் என்று நினைத்தேன்.

தெருவில் உள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா என்று எதிர்வீட்டு அம்மா நெட்டி முறித்தாள். சமைக்கத் தெரியவில்லை என்று பெண்பிள்ளையைத் திட்டுவார்கள், சத்தமாகச் சிரித்தால் திட்டுவார்கள். சாப்பிடவில்லை என்று இந்த ஊரில் எவளையும் யாரும் திட்டியதில்லை.

இவர் மட்டும் வாசலில் நின்றுகொண்டு, "சாமி கேட்டுச்சாளா, பச்சப்பிள்ள பட்டினி கெடக்கணும்னு?" என்றார். விரத நாளில் அபசகுனமாகப் பேசுகிறார்.

நவம்பர் 7, வியாழன்

கழுகுமலையில் சூரசம்ஹாரம். நல்ல கூட்டம். இந்துவை மஞ்சள் பாவாடை தாவணியில் கூட்டிக்கொண்டு போனேன். ராஜலட்சுமி அக்கா அவள் தாடையைத் தொட்டு, "ஒரு பொட்டு அழுக்கில்ல பாரேன், அம்மன் செல கணக்கா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூட்டத்தில் இந்து என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. பக்தியில் உடம்பு சிலிர்க்கும் என்பார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

விரதம் முடிந்து மூன்று நாளாகிறது. இவள் முடிக்க மாட்டேன் என்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கேம்மா, இருக்கேம்மா என்று. இன்று கொஞ்சம் பயமாக இருந்தது. ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

"ஒரு வாய் வாங்கிக்க இந்து. இதுல என்ன இருக்கு, எண்ணெயா, நெய்யா?"

"நாக்குக்கு ஒரு நிமிசம், மொகத்துக்கு ஒரு மாசம்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

வெளியே மணப்பெண் வீட்டார் காத்திருந்தார்கள். சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனேன்.

நவம்பர் 13, புதன்

பாளையங்கோட்டை. ஆஸ்பத்திரி.

நவம்பர் 15, வெள்ளி

இன்றுதான் டைரியை எடுக்க முடிந்தது.

புதன்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பஸ்ஸுக்கு நின்றவள் அப்படியே சரிந்திருக்கிறாள். இவர் பஸ் அப்போதுதான் வந்து நின்றிருக்கிறது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் சொந்தப் பிள்ளை. இவர்தான் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியிருக்கிறார். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது இவர் வராந்தாவில் தோல்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தூக்குனேன் செண்பகம். கனமே இல்ல. மூணாப்பு படிக்கையில திருச்செந்தூர்ல தோள்ல தூக்கிட்டு நடந்தேன்லா, அப்பக்கூட இத விடக் கனமா இருந்தா."

அதற்குப் பிறகுதான் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிடச் சின்ன வயது. முகத்தில் ஒன்றும் போடவில்லை, கன்னத்தில் பழைய பருத் தழும்பு இருந்தது. மாதவிலக்கு எத்தனை மாதமாக வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். தேதியோடு சொன்னேன்.

"இவ்வளவு சரியா தெரிஞ்சிருக்கே. ஏம்மா அப்பவே கூட்டிட்டு வரல?"

நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இந்துவின் கையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வேக்ஸ் போட்ட இடத்தில் மறுபடியும் வளர்ந்திருந்தது. "இந்த முடி எப்பருந்து?" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும், பூனைமுடிதானே, அழகுக்கு எடுத்துவிடலாம் என்றேன். என் தொழில் புத்தி அங்கேயும் பேசியது.

"அழகுக்கு வந்தது இல்லம்மா. உடம்புல கொழுப்பே இல்லாமப் போச்சுன்னா குளிர் தாங்க முடியாது. உயிரக் காப்பாத்திக்க உடம்பு தானா வளத்துக்கிற போர்வை இது. நெஞ்சுத் துடிப்பே பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு."

அதைத்தான் நான் பட்டை பட்டையாகப் பிய்த்து எடுத்தேன். அவள் கத்தக்கூட இல்லை.

நவம்பர் 18, திங்கள்

குழாய் வழியாகச் சத்துத் தண்ணீர் போகிறது. அதற்குள் எண்ணெய் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்கிறாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். மனநல டாக்டரும் பார்க்கிறார், வாரம் ஒருதரம் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். இது பிடிவாதம் கிடையாது, வியாதி என்றார். மிரட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சாப்பிட வேண்டும். முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது. நல்லதாகக்கூடப் பேசக் கூடாது.

போர்டில் இருந்த பத்திய வரியை அழித்தேன். ஸ்டேட்டஸ் எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்தப் போட்டோ யார் யார் போனில் எல்லாம் கிடக்கிறதோ. பத்தியம் கேட்டுப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து நிறுத்துங்கள் என்று சொன்னேன். நிவேதாவுக்குத்தான் முதல் போன். "சரி சரி, பாப்போம்" என்றாள் ராஜலட்சுமி அக்கா. மற்றவர்களில் பாதிப்பேர் எடுக்கவில்லை.

கண்ணாடிகளை என்ன செய்வது. மூன்று சுவரிலும் கண்ணாடி, இந்து தெருவுக்குப் போகக்கூட அவற்றைத் தாண்ட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் பழைய சேலைகளைப் போட்டு மூடி வைக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கல் ரெண்டு கரண்டி சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதை இவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். என்னிடம், "பொங்கல் நல்லா இருந்துச்சு" என்றார். ரெண்டு மாதத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று இந்து தலைக்குக் குளித்தாள். வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ரொம்ப நல்லது என்றார். இனி ஹார்மோன் எல்லாம் பழையபடி வேலை செய்யும், பருவும் திரும்ப வரலாம், பயப்படாதீங்க, அதுவும் நல்ல அறிகுறிதான் என்றார். வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீங்க என்று ரெண்டு தடவை சொன்னார்.

பூ வாங்கி சாமிக்குப் போட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தாடையில் இடது பக்கம் ஒன்று. சிவப்பாக, கடுகளவு. அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். தொழில் கண்.

ஒரு பருவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலேஜில் வைத்துத் தானே தடவிப் பார்த்திருக்கிறாள் போல. மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த சோறு பாதி திரும்பி வந்தது.

பிப்ரவரி 19, புதன்

இன்று லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். ஒரு மணி வாக்கில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலைந்து வாய் உள்ளே போயிருக்கும். வாசலில் செருப்புச் சத்தம். ராஜலட்சுமி அக்கா. பார்லருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைதான்.

நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். நிவேதாவுக்குப் பரீட்சை வருகிறது, அதற்குப் பிறகு அவளுடைய தாய்மாமன் வீட்டில் கல்யாணம், அதற்குள் முகம் சரியாக வேண்டும். அந்தப் பத்தியத்தை மறுபடியும் முழுசாக எழுதித் தர வேண்டும்.

"அப்படி ஒண்ணும் இல்லக்கா. நல்ல தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பிள்ளைக்கு வயிறார சோறு போடுங்க."

"ஏன், ஒம் மகளுக்கு மட்டும் செஞ்சுக்கிடுவ, எங்களுக்குச் சொல்ல மாட்டியோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எல்லாம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் விழுந்தது, குழாய் போட்டது, நெஞ்சுத் துடிப்பு. ஊருக்கெல்லாம் விரதத்தில் மயக்கம் என்று சொல்லி வைத்திருந்ததை அவளிடம் உடைத்துச் சொன்னேன். என் பிள்ளை செத்துப் பிழைத்தாள் அக்கா என்றேன்.

அவள் உச்சுக் கொட்டிக்கொண்டு கேட்டாள். நிஜமாகவே வருத்தம்தான், கண்கூடக் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் மொகம் தெளிஞ்சிருச்சில்ல செண்பகம்" என்றாள்.

பளார் என்று ஒன்று விட்டிருக்க வேண்டும். கை எழவில்லை. நவம்பர் மாதத்துக்கு முன்னால் எவள் வீட்டுப் பிள்ளைக்காவது இப்படி நடந்து என்னிடம் வந்து சொல்லியிருந்தால், நானும் மனசுக்குள் இதைத்தான் நினைத்திருப்பேன். வேலை இருக்கிறது, போய்ட்டு வாங்க அக்கா என்று அனுப்பினேன்.

திரையை விலக்கினால் இந்து தட்டின்முன் உட்கார்ந்திருந்தாள். விரல் தாடையில் இருந்தது. சோற்றில் அதற்குமேல் ஒரு பருக்கை குறையவில்லை.

"அந்த அத்தை சொல்லுதது நெசந்தானம்மா?"

"அவ கெடக்கா. அவளுக்கு என்ன தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா. அப்ப என் மொகம் தெளிஞ்சிதான இருந்துச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்போது உன்னைப் பார்க்கவே சகிக்கவில்லை, இப்போதுதான் என் மகள் மாதிரி இருக்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதிக்கு மேல் உண்மையும்கூட. பேசவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் நினைவில் இருந்தது. ஆனால் அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் வாய் திறந்து சொன்னதையெல்லாம் நம்பி வளர்ந்த பிள்ளை. நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த ஒரு கணத்திலேயே அவளுக்கு என் முகத்திலிருந்து பதில் கிடைத்துவிட்டது.

தட்டைச் சத்தமில்லாமல் என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"போதும்மா. வயிறு நெறஞ்சிருச்சு."

கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு அறைக்கதவு சாத்துகிற சத்தம். இவர் டியூட்டி முடிந்து வர இன்னும் நேரம் இருக்கிறது, வந்ததும் பிள்ளை சாப்பிட்டாளா என்றுதான் கேட்பார். தட்டு என் முன்னால் இருக்கிறது. எடுத்துக் கழுவி வைக்க எனக்குக் கை வரவில்லை.